ஒரு கதவு மட்டும்

மகளுக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன்னிடம் போனில் பேசி முடித்ததும் அம்மா அடுக்களையிலிருந்து சத்தமாகச் சொல்கிறாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறாள், நானும் கேட்காதவன் போலச் செய்தித்தாளைப் புரட்டுகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

விஷயம் உன் வண்டி. நீ விடுமுறைக்கு வந்தால் ஓட்டுவாய் என்று பட்டறையின் பின்கொட்டகையில் உறை போட்டு, அவ்வப்போது இன்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தேன். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு போனான் உன் மாமன். திரும்பி வரும்போது இடது முன்கதவு முழுக்கத் தேய்ந்து நசுங்கியிருந்தது. கேட்டால், "தூண் கொஞ்சம் வெளியே வந்து நிக்குது மச்சான்" என்கிறான். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு நான் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்தபோது, தகரத்துக்குப் பவுடர் பூசுகிறவர் என்று கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்படி சொன்னவன் அவன். உன்னை அவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுக்க வரன் கொண்டுவந்தவனும் அவன்தான். எதையும் நான் மறக்கவில்லை, மறந்துவிட நான் அவ்வளவு பெரிய மனிதனும் இல்லை.

பள்ளம் எடுப்பது பெரிய வேலை இல்லை. நிறம்தான் வேலை. உன் வண்டியின் வெள்ளை வெறும் வெள்ளை அல்ல, அடியில் வெள்ளை, அதன்மேல் முத்துத்தூள் கலந்த மெல்லிய பூச்சு, அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர். நேரே நின்றால் வெள்ளை, சாய்ந்து பார்த்தால் லேசாகப் பொன் ஓடும். முத்துப்பூச்சு ஒரு கை கூடினாலும் நிறம் மாறும், பெயின்ட் பீய்ச்சுகிற கன்னைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினாலும் மாறும். அதனால் இந்த மாதிரி நிறத்தில் கதவை மட்டும் யாரும் அடிப்பதில்லை, முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டிலும் பின்கதவிலும் புது நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய், மூன்றின் மேலும் கிளியர் அடித்தால்தான் எது பழசு எது புதுசு என்று கண்ணுக்குப் பிடிபடாது. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் இதை நான்தான் விளக்குவேன். ஆனால் உன் வண்டியில் எனக்கு மனசு வரவில்லை. அவன் கெடுத்தது ஒரு கதவு, நன்றாக இருக்கிற மற்ற இரண்டின் மேலும் நான் ஏன் உப்புத்தாள் போட வேண்டும்? கதவை மட்டும் அடித்தேன், சேரவில்லை. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். சோதனைத் தகட்டில் பொருந்துகிற நிறம் கதவில் ஏறியதும் யாரோ போல நிற்கிறது. நம் பெயின்டர், நீ மூக்கு என்று கேலி செய்வாயே அந்த ஆள், கன்னைக் கழுவிக்கொண்டே, "சார், நீங்க கதவுக்கு அடிக்கலை, மச்சானுக்கு அடிக்கிறீங்க" என்றான். பட்டறையே சிரித்தது.

இதற்கிடையில் அம்மா வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாள், ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மனைவியோடு வண்டி பார்க்க வந்து நின்றார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல வண்டியை ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு அம்மா, "மக இனி இங்க வந்து இருக்கப்போறதில்லைங்க, அவளே வித்துடச் சொல்லிட்டா" என்றாள். முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொன்ன பதிலாகத்தான் அது என் காதில் விழுந்தது. நான் கையிலிருந்த துணியால் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியரின் மனைவி பின்சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, இந்தக் கதவு வேறு வண்டியுடையதா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். சாப்பிடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "வேணும்னே கெடுத்து வச்சிருக்கீங்க. வண்டி இங்க நின்னா அவ வந்துடுவாளா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், எதற்கு இல்லை என்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் உன்னை வா என்று கூப்பிடவில்லை, கூப்பிட்டு வருகிற இடத்தில் நீ இல்லை. என் ஒரே கோரிக்கை இது. இரண்டாவது சாவி உன்னிடம் இருக்கிறது, வாங்குகிறவர்களுக்கு அது வேண்டும், அம்மா கேட்பாள். அனுப்புவதானால் அம்மா பெயருக்கு அனுப்பாதே, பட்டறை விலாசத்துக்கு என் பெயருக்கு அனுப்பு, உள்ளே ஒரு வரியும் எழுத வேண்டாம். சாவி கைக்கு வந்ததும் மூன்றுக்கும் உப்புத்தாள் போட்டுக் கரைத்து அடித்துக் கொடுத்துவிடுகிறேன், எந்த ஆசிரியர் மனைவியும் எந்தப் பக்கமிருந்து குனிந்து பார்த்தாலும் அடிபட்ட இடம் தெரியாது. அந்த வேலை எனக்கு நன்றாக வரும். நீ அனுப்பிவிடுவாய் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், குளிர்காற்று பட்டால் உனக்கு ராத்திரியெல்லாம் குடையும், அது மாப்பிள்ளைக்குத் தெரியுமோ என்னவோ.

கீழே என்ன போடுவது என்று யோசித்தேன். அன்புள்ள அப்பா என்றால் நேரே பார்க்கச் சரியாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சேரவில்லை. வெறும் அப்பா என்றால் உத்தரவு மாதிரி இருக்கிறது. எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். ஒன்றும் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.