தோளி

விடுதி
பிப்ரவரி 3

பேரன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் கால் நலமா? மாடிப்படியில் குதித்திறங்கிக் காலை ஒடித்துக்கொண்டு நீ வீட்டில் சொகுசாகப் படுத்திருக்கிறாய். இங்கே என் தலை உருளுகிறது. வரும் சனிக்கிழமை கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்றில் உனக்குப் பதிலாக நான் பேச வேண்டுமாம். "ஒத்திகையெல்லாம் கூடவே இருந்து கேட்டவ நீதானே? நீயே பேசிடு" என்று துறைத் தலைவி சொல்லிவிட்டார். மறுத்தால் நம் கல்லூரி விலக நேரும்.

எனக்கு ழகரம் வராதென்பதை அவர் அறியார். நீ அறிவாய். முதலாண்டு அறிமுகக் கூட்டத்தில், "எனக்குப் பிடிச்சது வாளப்பளம்" என்று நான் சொல்ல, அரங்கமே உருண்டு சிரித்தது. அன்றே எனக்குப் 'பளம்' என்று பெயர் சூட்டிய புண்ணியவதி நீ. அதன்பின் நான் மேடையேறியதில்லை. அந்தச் சிரிப்பை மீண்டும் கேட்க என்னால் ஆகாது. உரையை உடனே எழுதி அனுப்பு. இறைவன் உனக்கு நல்ல காலையும் எனக்கு நல்ல நாவையும் அருளட்டும்.

இப்படிக்கு,
பளம்

வீடு
பிப்ரவரி 5

அன்பிற்கினிய பளத்திற்கு,

உன் கடிதம் கண்டு கட்டில் குலுங்கச் சிரித்தேன். கால் வலித்தது, பாவம் உன்னையே சேரும். அம்மா ஓடி வந்து, "கால்லதானே அடி, தலையிலயுமா?" என்கிறாள்.

உரையை இத்துடன் வைத்திருக்கிறேன். 'பேச்சினும் மௌனமே மேல்' என்பது தலைப்பு. என்னைப் போன்றவளுக்கு மௌனத்தின் பக்கத்தைத் தந்த ஆண்டவனின் குறும்பைப் பார்த்தாயா? தன் தவறை உணர்ந்துதான் என் காலை ஒடித்து உன்னை அனுப்புகிறான் போலும்.

ஒரே ஒரு நிபந்தனை. நான் தந்ததை அப்படியே சொல். உன் மேதாவித்தனத்தைக் காட்டி ஒரு சொல்லையும் மாற்றாதே, சேர்க்காதே. மீறினால் ஒற்றைக் காலில் வந்தாவது மொத்துவேன். அஞ்சாமல் போ. இறைவன் துணை நிற்பான்.

என்றும் உன்,
வாயாடி

விடுதி
பிப்ரவரி 11

என் வாயாடிக்கு,

வென்றோம். சுழற்கோப்பை நம் அறையில் உன் கட்டிலில் உன்னைப் போலவே கால் நீட்டிக் கிடக்கிறது.

பாதி உரையைக் கடந்தபின்தான் எனக்கு உறைத்தது: எங்குமே நாக்கு இடறவில்லை. உரை முழுவதிலும் ஒரு ழகரம்கூட இல்லை. அறைக்கு வந்து உன் கடிதத்தையும் துருவிப் பார்த்தேன். அதிலும் இல்லை. அடி கள்ளி.

ஆனால் உன் நிபந்தனையை மீறிவிட்டேன். உரை முடிந்ததும், இதைத் தந்தவள் யாரென்று சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. சிநேகிதி என்றிருக்கலாம்; அந்தச் சொல் உனக்குப் போதவில்லை. "இந்த உரை என் தோளி தந்தது" என்றேன்.

பின்வரிசையில் ஒருவன், "தோளா, முதுகா?" என்றான். அரங்கம் சிரித்தது. நான் ஓடவில்லை. மௌனத்துக்காகப் பேச வந்தவள் அல்லவா? வாய் திறவாமல் அவர்களைப் பார்த்தபடியே நின்றேன். சிரிப்பு தானே அடங்கியது. அதன்பின் மறுபடியும் "என் தோளி" என்றேன். எவரும் சிரிக்கவில்லை.

நடுவர் சொன்னார்: "நல்லா பேசினம்மா. ஆனா பேசாம நின்ன பாரு, அதுக்குத்தான் கோப்பை."

இப்போது வந்து மொத்து.

பளம்

வீடு
பிப்ரவரி 14

என் அருமைத் தோளிக்கு,

இது எழுத்துப் பிழை அன்று. பழம்பாடல்களில் தோளி என்றால் அழகிய தோள்களை உடையவள். பளத்தை இன்றோடு தின்று தீர்த்தாயிற்று. இனி உன் பெயர் இதுதான்.

திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்புகிறேன். மருத்துவர் ஊன்றுகோல் தந்திருக்கிறார். நம் அறைக்கு ஏறும் படிகளுக்கு அது போதாது. கோப்பையை எவளிடமாவது கொடுத்துவிட்டு வாசலில் வந்து நில். உன் தோள் எனக்கு வேண்டும்.

உன்,
வாயாடி