கப்பலில் தலைமடை

சிவமயம்

ஆலமங்கலம்,
பாபநாசம் வழி.
2-1-1971

அன்புள்ள வல்லிக்கு,

அக்கா கமலாம்பாள் எழுதிக்கொண்டது. நான் நலம். நீயும் கொழுந்தனாரும் பினாங்கில் சுகமாகக் கரையேறியிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் என் தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் சுகம். இந்தப் பிரசவத்துக்காகத்தானே உங்களோடு கப்பலேறாமல் நின்றேன். இப்போது கொழுந்தனார் செய்த ஏற்பாட்டின்படி, மாசி பிறக்கும் சமயம் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் அடுத்த கப்பலுக்கு என் பெயரில் சீட்டு வந்துவிட்டது. "ஊர்ல எப்பப் பாத்தாலும் கொடியும் கோஷமும் போலீசும். நீங்களும் ஒரு தடவ கடல் காத்து வாங்கிட்டு வாங்க அண்ணி" என்று புறப்படும்போதுகூடச் சொன்னார். உன் மூத்தார் கண்மூடிய பிறகு எனக்கு ஒரு கவுளி வெற்றிலை வாங்கித் தந்தறியாத மனிதர், இப்போது கப்பலே ஏற்றுகிறார். ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஒன்றுதான் உறுத்துகிறது. உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும் நம் வீரையன் மனுக் கொடுத்தான் அல்லவா? அதன் விசாரணை மாசி முதல் வாரம் பாபநாசத்தில். நிலத்துக்காரி நான் போய், 'ஆமாம், இவன்தான் என் குத்தகைதாரன்' என்று சொன்னால் பதிந்துவிடுவார்கள். நான் போகாவிட்டால் கொழுந்தனாரின் காரியஸ்தர் கண்ணுசாமி போய், வீரையன் வெறும் கூலியாள் என்று சாதித்துவிடுவார். பிறகு வீரையனையும் அவன் பெண்டாட்டி அம்சத்தையும் வரப்பில்கூட நிற்க விடமாட்டார்கள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொழுந்தனாரோ, தேர்தல் வருவதால் விசாரணை சித்திரைக்குத் தள்ளிப்போகும், தைரியமாகக் கிளம்புங்கள் என்கிறார்.

நீ போய்ப் பார்த்தவள். கப்பல் எப்படி, என்ன எடுத்து வர வேண்டும், எங்கே படுக்க வேண்டும், எல்லாம் விவரமாக எழுது. உன் பதிலைப் பார்த்துத்தான் பெட்டி கட்டுவேன்.

ஆசிகளுடன்,
கமலாம்பாள்


பினாங்கு,
12-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

வல்லியின் வணக்கம். உங்கள் கடிதம் கண்டேன். குழந்தைக்கு என் ஆசி. கரையேறிய பிறகும் எனக்குத் தரை ஆடிக்கொண்டிருக்கிறது. சோற்றைப் பார்த்தால் குமட்டுகிறது.

கப்பல் எப்படி என்று கேட்டீர்கள். ச்சீ! உல்லாசப் பயணம் என்று எந்தப் பாவி இதற்குப் பெயர் வைத்தானோ. மாட்டுக்கொட்டகையை ஒரு மாதம் கூட்டாமல் பூட்டி வைத்து, பிறகு அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் கப்பல்.

அறை பிடிக்கும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்று ஏஜெண்டு கேட்டான். "முன் தலைப்புல குடுங்க. கடைமடைக்காரன் பொழப்பு நமக்கு வேணாம்" என்றார் இவர். நம் ஊர்ப் புத்தி. வாய்க்காலில் தலைமடைக்காரனுக்கு முதல் தண்ணீர் என்றால் கப்பலிலும் அப்படியா? இங்கே தலைமடைக்கு வருவது முதல் அலை. மூக்குப் பக்கம் தென்னை உயரத்துக்கு ஏறித் தொப்பென்று விழும். உடம்பு கீழே வந்துவிடும், குடல் மேலேயே நின்றுவிடும். எங்கள் வரிசையில் வாயிலெடுக்காத ஆள் இல்லை. நடைபாதையில் கால் வைக்க இடம் தேட வேண்டும்.

நாகூர் ஆயிஷா அம்மாள் என்று ஒருவர், இங்கே கடை வைத்திருக்கும் இப்ராஹிம் மரைக்காயரின் மனைவி, கப்பலின் நடுக்கூடத்தில் பாயை விரித்துச் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நடுவுல படுக்கணும்மா. தராசுத் தட்டுலயா போய்ப் படுப்பாங்க? முள்ளு நிக்கிற எடத்துல படுக்கணும்" என்றார். அவர் பலமுறை போய் வந்தவர். ஆகவே முதல் குறிப்பு: நடுவில் படுக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி எழுதினால் காகிதம் நாறும். இருந்தாலும் எழுதுகிறேன். கப்பல் இந்தப் பக்கம் சாய்ந்தால் உள்ளே இருப்பது வாசலுக்கு வரும், அந்தப் பக்கம் சாய்ந்தால் திரும்பிப் போகும். நடவுக்கு இறங்குகிறவள் மாதிரிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அது சேறு அல்ல. வழுக்காத செருப்பு ஒன்று அதற்கென்றே தனியாக வேண்டும், வரும்போது கடலில் எறிந்துவிடலாம். குளிக்க உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, தலைமயிர் தேங்காய் நாராகிவிடும். சாப்பாட்டுக் கூடத்தில் எந்நேரமும் வெந்த முட்டைக்கோஸ் வாடை. சாம்பாரில் ஏதோ மிதந்தது. என்ன என்று கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். புளியோதரை இரண்டு மூன்று நாள் தாங்கும். அதன்பிறகு நார்த்தங்காயும் அவலும்தான் துணை.

நல்ல பட்டு எதுவும் வேண்டாம். இவர் ஏறிய அன்றே விழுந்தவர். பக்கத்தில் நான் வாளியோடு நின்றேன். வாளி இருக்க, என் அரக்குக் கும்பகோணம் பட்டின் மேலேயே எடுத்துவிட்டார். அந்தச் சேலையைச் சுருட்டிக் கடலில் போட்டுவிட்டேன். அது தோய்த்தால் போகிற நாற்றம் இல்லை அக்கா.

உங்கள் உடம்புக்கு இது ஆகுமா என்று நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆனந்தவல்லி

அண்ணிக்கு வணக்கம். இவள் ஒன்றை ஒன்பதாக்குகிறாள். படித்துச் சிரித்தேன். தங்களுக்கும் தலைப்பிலேயே அறை சொல்லிவைத்திருக்கிறேன். விசாரணை சித்திரைக்குப் போய்விட்டதாகக் கண்ணுசாமி எழுதியிருக்கிறான். கவலையை விட்டு வரவும். — குஞ்சிதபாதம்


ஆலமங்கலம்,
20-1-1971

அன்புள்ள வல்லிக்கு,

ஆசிகள். உன் கடிதத்தை வீட்டுக்குள் வைக்க மனம் வரவில்லை, கிணற்றடியில் வைத்துப் படித்தேன். அம்சத்துக்கும் படித்துக் காட்டினேன். சாணி அள்ளுகிறவள், அவளே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆனாலும் உன் மூத்தாருக்கு இரண்டு வருஷம் படுக்கையிலேயே பணிவிடை செய்தவள் நான். வாந்தியும் மலமும் எனக்குப் புதிதா? விசாரணை தள்ளிப்போய்விட்டது என்று கொழுந்தனார் கைப்பட எழுதிவிட்டார். வீரையனிடம் சொன்னேன். "நீங்க போயிட்டு வாங்க ஆச்சி" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சம்பா அறுப்பு நடக்கிறது. பாகம் பிரித்தபோது தலைமடையைக் கொழுந்தனார் எடுத்துக்கொண்டு எனக்குக் கடைமடையைத் தள்ளினார். அந்தக் கடைமடைக்கு விடிய விடியத் தண்ணீர் கட்டி இந்த வருஷம் பொன்னாக விளைவித்திருக்கிறான்.

நார்த்தங்காய் சுருட்டி உப்பில் போட்டாயிற்று. செருப்பும் வாங்கிவிட்டேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. நீ இத்தனை எழுதினாயே, 'வாங்க அக்கா' என்ற வார்த்தை கடிதத்தில் எங்கும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். என்மேல் ஏதாவது மனத்தாங்கலா? இருந்தால் நேரில் சண்டை போடலாம். வருகிறேன்.

ஆசிகளுடன்,
கமலாம்பாள்


பினாங்கு,
29-1-1971

அக்கா,

வர வேண்டாம். கப்பலேறாதீர்கள். இதைத்தான் போன கடிதத்திலேயே கத்தினேன், உங்களுக்குக் கேட்கவில்லை.

நான் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் இவர் படித்துவிட்டு, வெற்றிலை எச்சில் நாக்கால் உறையை நக்கி ஒட்டித் தபாலில் போடுகிறார். அதனால்தான் கப்பலை நாறடித்து எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. அருவருத்துப்போய் நீங்களே நின்றுவிடுவீர்கள் என்று நினைத்தேன். உங்கள் மனத்திடத்தைக் கணக்கில் எடுக்காமல் போனேன். இதை ஆயிஷா அம்மாள் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மரைக்காயர் கடை உறையில் உங்களுக்கு வரும்.

கப்பலில் ஒரு காலை. நான் வாளியை ஏந்தி நிற்கிறேன். இவர் எடுத்து முடித்து, மீசையைக்கூடத் துடைக்காமல் சிரிக்கிறார். "அண்ணியும் வந்து இதே எடத்துல கெடக்கட்டும். அவங்க பினாங்குல கரையேறதுக்குள்ள கண்ணுசாமி அங்க வீரையன வரப்ப விட்டு எறக்கிடுவான். நானும் ஊர்ல இல்ல, அண்ணியும் ஊர்ல இல்ல. நம்மள யாரு ஒரு வார்த்த சொல்லிட முடியும்?" என்றார். "அண்ணிக்கி அப்பறம் அந்த நெலம் யாருக்கு? நமக்குத்தான? பேரு பதிஞ்ச குத்தகைக்காரன் அதுல உக்காந்திருந்தா அது நெலமா, சொமையா?" என்று சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார்.

நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாளியைப் பார்க்க அருவருப்பாக இல்லை அக்கா. அது வயிற்றில் இருந்தது, வெளியே வந்தது, கழுவினால் போகும். அதைவிடக் கேவலமான ஒன்று அந்த வாயிலிருந்து வந்ததே, அதை எங்கே கொட்டுவேன்? உங்களையும் அந்தத் தலைப்பிலேயே கிடக்க வைக்க அறை சொல்லியிருக்கிறார் பாருங்கள். தான் குடலறுந்து கிடந்த இடம் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

விசாரணை தள்ளிப்போகவில்லை. எல்லாம் கட்டுக்கதை. பாபநாசம் போய் நின்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
வல்லி


ஆலமங்கலம்,
18-2-1971

என் கண்ணே வல்லி,

மரைக்காயர் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன்.

கப்பல் போய்விட்டது. நான் பாபநாசம் பஸ் ஏறினேன். கொழுந்தனார் வகையறாவுக்குத் தெரியாமல் இருக்க, நாகப்பட்டினம் போவதுபோல் பெட்டியோடு ஊரை விட்டுக் கிளம்பி, கும்பகோணத்தில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, விசாரணையன்று நேராகப் போனேன்.

அந்தக் கூத்தைக் கேள். தாசில்தார் ஆபீசில் ஒரே கூட்டம். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுசாமி முன்னால் நின்று, "அய்யா, வீரையன் தெனக்கூலிங்க. நெலத்துக்கார அம்மா நெலம் சொந்தப் பண்ணைன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. அவங்க இப்பக் கடல்ல போயிக்கிட்டிருக்காங்க" என்றார். நான் எழுந்தேன். "யாரும்மா நீங்க?" என்றார் அதிகாரி. "கடல்ல போயிக்கிட்டிருக்கிறவ நான்தாங்க" என்றேன். கூடமே சிரித்தது. கண்ணுசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்துவிட்டார். வீரையன் என் குத்தகைதாரன், என் வயலை உழுகிறவன் அவன் ஒருவன்தான் என்று சொன்னேன். பதிந்துகொண்டார்கள். அம்சம் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

கண்ணுசாமி அன்றே பினாங்குக்குத் தந்தி கொடுத்திருப்பார். யார் எனக்குச் சொன்னது என்று கொழுந்தனாருக்குத் தெரியாமலா போகும்? நிலம் என்னுடையது, அடி உனக்கு. உன் புருஷன், உன் குடும்பம். அவரோடு இருந்துதான் தீர வேண்டும் என்று நீ நினைத்தால் எனக்கு வருத்தமில்லை, நாலு பேர் முன்னால் என்னைத் திட்டிக்கூடக் கொள். இல்லையென்றால், என் வீட்டு நடுக்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது. கழுவி மெழுகிப் பாய் போட்டிருக்கிறேன். உன் நார்த்தங்காயும் அப்படியே இருக்கிறது.

அக்கா,
கமலாம்பாள்


கப்பலில்,
மார்ச், தேதி மறந்துவிட்டது

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை, கையில்தான் கொடுப்பேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் படித்துக்கொள்ளுங்கள்.

தந்தி வந்த அன்று அடித்தார். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அதன்பிறகு என்னோடு பேச்சில்லை.

திரும்பும்போதும் தலைப்பில்தான் அறை பிடித்தார். அத்தனை பட்டும் அவருக்குப் புத்தி வரவில்லை. "கடைசில கெடக்கிறதுக்கு நான் என்ன கடைமடைக்காரனா?" என்று ஏஜெண்டிடம் கேட்டார். நடு என்று ஒரு இடம் உண்டு என்பது அவர் கணக்கிலேயே கிடையாது. நான் ஆயிஷா அம்மாள் கொடுத்த பாயை எடுத்துக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்து, பெண்கள் பக்கத்தில் விரித்துவிட்டேன். முட்டைக்கோஸ் வாடையும் எண்ணெய் நாற்றமும் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் ஆட்டம் இல்லை அக்கா. அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். இன்று இரண்டு வேளை சாப்பிட்டேன்.

அறைக்கதவு திறந்துதான் இருக்கிறது. அலை எழும்பும்போதெல்லாம் அவர் முனகிக் கூப்பிடுகிறார். "வல்லி" என்கிறாரா, "வாளி" என்கிறாரா, இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அது இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் இப்போது காதில் விழுகிறது.

பக்கத்தில் படுத்திருந்த பெண் எழுந்து, "ஒங்களத்தானம்மா கூப்புடுறாங்க?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வாளியத்தான் கேக்குறாரு. அவர் கைக்கு எட்டுற எடத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வருகிறேன். குளிக்க நிறைய நல்ல தண்ணீர் இறைத்து வையுங்கள்.

உங்கள்,
ஆனந்தவல்லி