ஐந்தாம் வாரத்தில் ஒரு விமானம்

ஓஷ்,
மார்ச் 29

அன்பு மருமகள் பெர்மெத்துக்கு,

உன் மாமியார் அனார்கான் எழுதுவது. நீயும் பேத்தி அய்பேரியும் அல்மாட்டியில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்தத் தடவை அதை எழுதவில்லை.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும், தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, "வேலையா இருக்கேன் அத்தை, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை, கோபப்படத் தெம்பில்லை. பக்கத்து வீட்டு ஜுல்பியா வாரா வாரம் அங்கே சரக்கெடுக்கப் போகிறாளே, அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் மடித்து வைத்தாலும் பரவாயில்லை, மறுநாள் மீதியைப் படி.

பிப்ரவரி பத்தாம் தேதி என் வலது முட்டியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் பெயரை அந்த ஆபரேஷன் வரிசையில் பதிந்தது உன் மாமனார். வரிசை வந்தபோது பதிந்தவர் இல்லை. ஆபரேஷன் முடிந்த கால் மரக்கட்டை கணக்காக நீட்டிக்கொண்டே நிற்கிறது. பாயில் உட்கார முடியாது, நாற்காலியில்தான் தொழுகை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தரையில் உட்கார்ந்திருக்க, செத்தவரின் பெண்டாட்டி மட்டும் நாற்காலியில். நல்ல காட்சி.

நவம்பரில் நீ பிள்ளையோடு வந்து மூன்று நாள் இருந்து அழுதாய். மருமகள் முறைப்படி அழுதாள் என்று தெருவே சொன்னது. அப்போது பெரியவர்கள் முடிவு செய்தது உனக்கு நினைவிருக்கும். என் மகன் எர்னிஸுக்கு அவன் அப்பா போன செய்தியை போனில் சொல்லக்கூடாது, கடிதத்திலும் எழுதக்கூடாது. நாலு பேர் நேரில் போய் உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசி, மனதைத் தயார்ப்படுத்தி, கடைசியில் சொல்லி, அவன் விழுந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம் ஆட்களின் முறை அதுதான், தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சைபீரியாவில் சிறைக் கதவுக்குள் நாலு பெரியவர்களை யார் விடுவார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. "நான் ஒருத்தனே போறேன்" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார் உன் பெரிய மாமனார் ஜோல்தோஷ். டிசம்பரில் அவருக்கு ரத்த அழுத்தம் வந்தது. ஜனவரியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிப்ரவரியில் அங்கே பனி அதிகமாம்.

இதற்கிடையில் மாதம் ஒரு தடவை, பத்து நிமிடம், எர்னிஸ் போனில் வருவான். அப்பாவைக் கூப்பிடு என்பான். நவம்பரில் அவரை விறகு வாங்க அனுப்பினேன். டிசம்பரில் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஜனவரியில் காது மந்தமாகிவிட்டது, போனில் பேசினால் விளங்குவதில்லை. பிப்ரவரியில் ஆஸ்பத்திரி வாசலில் எனக்காகக் காத்திருந்தார், உள்ளே விட மாட்டேனென்கிறார்கள். செத்த மனிதரை இவ்வளவு அலையவிட்ட பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன். அய்பேரி எப்படி இருக்கிறாள் என்றும் ஒவ்வொரு மாதமும் கேட்பான். நல்லா இருக்கா என்பேன்.

வருடத்துக்கு மூன்று தடவைதான் உள்ளே போய் மூன்று நாள் தங்க விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். மார்ச் சந்திப்பு என் பெயரில் பதிவாகியிருந்தது. ஆனால் கோடைவரை விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் ஷக்கிரோவ் சொல்லிவிட்டதால், அப்படியே எர்னிஸுக்கு எழுதிப் போட்டேன். மார்ச்சில் வரமாட்டேன், ஜூலையில் அப்பாவோடு வருகிறேன் என்று எழுதினேன். ஆமாம், அப்பாவோடு.

அப்புறம் ஒருநாள் சந்தையில் மேலத் தெரு சமத்தின் அம்மாவைப் பார்த்தேன். அவள் மகனும் அங்கேதான் எங்கோ உள்ளே இருக்கிறான். அவனை ஏப்ரலில் எர்னிஸ் இருக்கும் சிறைக்கே மாற்றுகிறார்களாம். "நம்ம புள்ளைங்க ரெண்டும் ஒண்ணா இருக்கும், ஒருத்தருக்கு ஒருத்தர் துணை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் மாமனாருக்குக் குழி வெட்டியவர்களில் சமத்தின் அப்பாவும் ஒருவர். தட்டை ஏந்திக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, "அப்பா போனது கேட்டு வருத்தப்பட்டேன்" என்று சமத் சொன்னால் போதும். என் மகன் அதை அப்படித்தான் கேட்க வேண்டுமா?

நேராக டாக்டரிடம் போனேன். அவர் என் காலைக்கூடப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "அஞ்சாவது வாரத்துல பிளேனா? மூணு மணி நேரம் ஆடாம உக்காந்தா கால்ல ரத்தம் கட்டும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போச்சுன்னா போய்ச் சேர வேண்டியதுதான். எதுக்கு அக்கா போறீங்க, கல்யாணமா?"

"இல்ல, சாவு."

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அடடா. எப்போ?"

"நவம்பர்ல."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் முழுவதும் சொன்னேன். அவர் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார். வயிற்றில் தினமும் நானே போட்டுக்கொள்ள ஊசி, தொடைவரை இறுக்கமான காலுறை, நடைபாதை ஓரத்து இருக்கை, அரை மணிக்கொரு தடவை எழுந்து நிற்பது, முட்டியில் உலோகம் இருக்கிறது என்று ஒரு சான்றிதழ். "நான் போகச் சொல்லல, இதை ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தார்.

மார்ச் பதினேழு. கறுப்பு உடையும் கறுப்புத் துணியுமாகத்தான் வீட்டை விட்டு இறங்கினேன். வருடம் முடியுமுன் கறுப்பைக் கழற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்கே தெரியும். ஆனால் கறுப்போடு எர்னிஸ் முன்னால் போய் நிற்கவும் முடியாது. நான் வாய் திறப்பதற்குள் துணி சொல்லிவிடும். அதனால் பூப்போட்ட கவுனும் தலைத்துணியும் பைக்குள் இருந்தன. ஜோல்தோஷ் விமான நிலையம்வரை வந்தார். செய்தி சொல்லும் முறையை, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று, வழி முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் இரண்டு காலில் கம்பீரமாக நடந்தார்.

பக்கத்து இருக்கையில் ஷராபத் என்று ஒருத்தி, நோவோசிபிர்ஸ்க் சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் விற்கிறவள், நல்ல கனத்த உடம்பு. என் காலை நடைபாதையில் நீட்டினால் வண்டி தள்ளுகிறவர்கள் திட்டினார்கள். மடக்கினால் எனக்கு உயிர் போயிற்று. அவள் குனிந்து காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என் மடியில சும்மா கொழுப்புதான் இருக்கு, அதுக்கும் ஒரு வேலை வேணாமா" என்றாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். மகன் கல்யாணத்துக்கு என்றேன். "கல்யாணத்துக்குப் போற மூஞ்சியா இது?" என்றாள். முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தைப் படித்தவள் நான். என் முகத்தை ஒரு பழக்காரி படித்துவிட்டாள்.

இறங்குவதற்கு முன் உடை மாற்றக் கழிப்பறைக்குப் போனேன். அந்தப் பெட்டிக்குள் நான் உட்கார்ந்தால் கால் வெளியே நிற்கிறது, கால் உள்ளே வந்தால் நான் வெளியே. கதவு சாத்தவே முடியவில்லை. கறுப்பு உடையைத் தலைவழியாகக் கழற்றிய நிலையில், நீட்டிய காலோடு, திறந்த கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு அழுதேன் பெர்மெத். உன் மாமனாருக்காக அழுதேனா அந்தக் கதவுக்காக அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை. ஷராபத் வந்து தன் பெரிய சால்வையை விரித்து முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கறுப்பை மடித்துப் பையில் வைத்துப் பூப்போட்டதைப் போட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது. "புள்ளைக்கு இன்னும் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். என் தலைத்துணியைச் சரியாகக் கட்டிவிட்டாள்.

அங்கிருந்து ரயில், பிறகு வாடகைக் கார். சிறை வாசலில் சோதனைக் கருவி என் முட்டியைக் கண்டு கூவியது. சோதனை செய்கிற பெண் காலுறையை இறக்கச் சொன்னாள். தழும்பைப் பார்த்துவிட்டுச் சான்றிதழைக்கூட வாங்கவில்லை. "ரொம்ப வலிக்குதா? எங்க அம்மாவும் இதே ஆபரேஷனுக்கு வரிசையில இருக்காங்க, பயப்படுறாங்க" என்றாள். வலி போய்விடும் என்று சொல்லச் சொன்னேன். அதுவும் ஒரு பொய்தான்.

எர்னிஸ் அறைக்குள் வந்தான். இளைத்திருக்கிறான், காதோரம் நரைத்திருக்கிறது. என் பூப்போட்ட துணியைப் பார்த்து அவனுக்கு ஒரு சிரிப்பு வந்தது. பிறகு ஊன்றுகோலைப் பார்த்தான், காலைப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை.

"கோடைவரைக்கும் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதா நீங்கதானே எழுதுனீங்க. அஞ்சு வாரத்துல, இந்தக் காலோட, டீ குடிக்கவா வந்திருக்கீங்க? யாருன்னு சொல்லுங்கம்மா."

ஜோல்தோஷ் சொல்லிக்கொடுத்ததை நான் ஆரம்பித்தேன். இந்த உலகத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்று வாய் எடுத்தேன். அவன் என் இரண்டு தோளையும் பிடித்தான். "அய்பேரியா?" என்றான். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

இல்லப்பா, அய்பேரி இல்ல, உங்க அப்பா என்றேன்.

அவன் மூச்சு விட்டான். நான் பார்த்தேன். அடக்கி வைத்திருந்த மூச்சு முழுக்க வெளியே வந்து, தோள் இரண்டும் இறங்கின. அடுத்த நொடி, தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. முகம் கோணிப்போயிற்று. பக்கத்திலிருந்த பொதுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, மகன் எப்படி அழ வேண்டுமோ அப்படி, குரலெடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். தாங்கிப் பிடிக்க வந்தவளால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

வெகுநேரம் கழித்துச் சொன்னான்: "சந்தோஷப்பட்டேம்மா. ஒரு மூச்சு நேரம். அப்பா செத்துட்டார்னு கேட்டு."

"உங்கப்பாகிட்ட யாராவது, போனது உன் மகன் இல்ல, உன் பெண்டாட்டின்னு சொல்லியிருந்தா அவரும் அப்படித்தான் மூச்சு விட்டிருப்பார்" என்றேன். "நானும் குத்தம் சொல்லியிருக்க மாட்டேன். சாப்பிடு."

மறுநாள் சாப்பிடும்போது அவனாகவே பேசினான். "எட்டு மாசமா பெர்மெத் ஒரு வரி எழுதல. ஒண்ணு என்னை வெறுத்துட்டா, இல்ல பிள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சு. தினமும் காலைல எழுந்ததும், வெறுத்துட்டா, அவ வெறுத்துட்டான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அப்பத்தான் அன்னிக்கு வேலைக்குப் போக முடியும்."

"அய்பேரி நல்லா இருக்கா, நான்தான் மாசா மாசம் சொல்றேனே" என்றேன்.

"ஆமாம்மா. அப்பாகூட நல்லாத்தான் இருந்தார், நாலு மாசமா."

கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். மூன்றாம் நாள் விடைபெறும்போது மறுபடி கேட்டான், "அய்பேரி நிஜமாவே நல்லா இருக்காளா?" சத்தியமாக என்றேன். தலையை ஆட்டினான். காவலாளிகள் எதையாவது சொன்னால் அப்படித்தான் ஆட்டுவான் என்று நினைக்கிறேன்.

பெர்மெத், என் வாய்ச்சொல்லை நானே கெடுத்துக்கொண்டேன். இனி நான் எதைச் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். ஊரில் யார் சொன்னாலும் நம்ப மாட்டான். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இந்த வீட்டை விட்டு நீ போன அன்று, "போறவ போகட்டும், பிள்ளைய வச்சிட்டுப் போகச் சொல்லு" என்று நான் உன் மாமனாரிடம் சொன்னது உன் காதில் விழுந்தது. நடந்துகொண்டிருந்த உன் முதுகு அப்படியே நின்றதைப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது. யாரோ கொடுத்த பொட்டலத்தை என்னவென்று கேட்காமல் சுமந்தவன் என் மகன். அதற்கு விழுந்த ஒன்பது வருடத் தண்டனையை நீ கட்ட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனை நீ வெறுத்தால் வெறுத்துக்கொள். அங்கே உனக்கு வேறு வாழ்க்கை அமைந்திருந்தால், அதையும் நான் கேட்க மாட்டேன். அவனுக்கு நீ அன்பாக எழுத வேண்டாம். பெயர்கூடப் போட வேண்டாம். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி. முடிந்தால் அவள் காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அதோடு வை. தான் உள்ளே போன இந்த மூன்று வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அவன் பார்த்துக்கொள்வான். முகவரியை இதன் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

என் கால் திரும்பி வந்ததிலிருந்து வீங்கிக் கிடக்கிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கெண்டைக்காலில் சின்னதாக ரத்தம் கட்டியிருக்கிறதாம், மருந்து கொடுத்திருக்கிறார். இந்த வருடம் முடியும்வரை விமானம் என்ற பேச்சே கூடாதாம். இந்தத் தடவை அவரை எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அதனால் ஜூலைச் சந்திப்புக்கு நான் போகப்போவதில்லை. அந்த மூன்று நாளும் யார் பெயரிலும் பதிவாகாமல் இருக்கிறது. செய்தியாகத்தான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

நீ கை வைக்கிற வேலையில் பரக்கத் இருக்கட்டும், அது பெருகட்டும். என் பேத்திக்கு ஒரு காய்ச்சல்கூட வராமல் இருக்கட்டும். நீ போகிற வழி, அது எந்தப் பக்கம் போனாலும், வெளிச்சமாக இருக்கட்டும் மகளே.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் மாமியார்
அனார்கான்