நூறு லிட்டர் குடிக்கும் ஜீப்

27 மே 2023, சனி

ஜீப்பைப் பேசி முடித்துவிட்டேன். தொண்ணூற்றைந்து லட்சம் நைரா. வியாழக்கிழமை முழுப் பணம், கையோடு சாவி.

விற்கிற சீஃப் ஒடெவாலே முன்பணம்கூடக் கேட்கவில்லை. ஊரில் சீஃப் பட்டம் வாங்கியவர், பெரிய கட்டட ஒப்பந்தக்காரர், ஒலுயோலேயில் இரண்டு மாடி வீடு. "போடிஜா மார்க்கெட் மீன்காரம்மா வாக்கு, பேங்க் செக்கைவிடக் கெட்டி" என்று சொல்லிக் கை கொடுத்தார்.

கறுப்பு வண்டி. எட்டு சிலிண்டர். ஏறுவதற்குப் படி வைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் குட்டி மைக்ரா டாக்ஸிகளின் கூரை கீழே தெரிகிறது! நான் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரிய ஒரு தலையணை போட வேண்டியிருக்கும். போட்டுக்கொள்கிறேன்.

எதற்கு இந்த வண்டி? மீன் ஏற்ற வேன் இருக்கிறது. பிள்ளைகள் லாகோஸில் இருக்கிறார்கள். ஒரு காரணமும் கிடையாது. ஆசை, அவ்வளவுதான். ஒரு பேசின் மீனைத் தலையில் வைத்து ஆரம்பித்தவள் நான். காரணமே இல்லாமல் ஒரு பொருள் வாங்கிப் பார்க்கிறேனே, யாருக்கு என்ன?

என் வீட்டுக்காரர், சமத்தின் அப்பா மட்டும் சொன்னார்: "இது வண்டி இல்ல, ஒட்டகம். ஒட்டகம்கூட ஒரு தடவ குடிச்சா ஒரு வாரம் தாங்கும்."

தொட்டி நூறு லிட்டர். லிட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்து. நிரப்பினால் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. ஊருக்குள் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் போகும் என்று சீஃபே ஒப்புக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலிக்கும், ஆனால் தாங்கும்.

28 மே, ஞாயிறு

"வண்டியைக் கழுவணும்" என்று மொஜிரோலா மார்க்கெட் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். தண்ணீரா ஊற்றப் போகிறார்கள்? என் செலவில் மால்ட் பானம், சுட்ட ஆட்டுக்கறி, கூடவே பாட்டு.

"வண்டி இன்னும் வரலையே" என்றேன்.

"வர்றதுக்கு முன்னாடியே கழுவினா வேகமா வரும், சமத் அம்மா!"

தக்காளி விற்கிறவளுக்கு இருக்கிற வாய். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு பெட்டி மால்ட் வரவழைத்தேன். பணம் கொடுக்காத வண்டிக்கு விருந்து வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

29 மே, திங்கள்

மானியம் போய்விட்டது.

புது ஜனாதிபதி பதவியேற்றுப் பேசியதைக் கடை ரேடியோவில் கேட்டபடி கானாங்கெளுத்தி வெட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் மானியம் போயிற்று என்று ஒரே வரி. கத்தி கையிலேயே நின்றுவிட்டது. வாங்க வந்த பெண் "எம் மீனு?" என்கிறாள், நான் ரேடியோவைப் பார்க்கிறேன்.

பேச்சு முடிந்து மதியம்கூட ஆகவில்லை. பங்க்குகளில் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். நேற்று இருந்த பெட்ரோல் இன்று எங்கே போயிற்று? சாயங்காலம் செக்ரட்டேரியட் வரைக்கும் வண்டி வரிசை. வேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

31 மே, புதன்

ஐந்நூறு.

எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை. லிட்டர் ஐந்நூறு. பத்தொன்பதாயிரத்து ஐந்நூறாக இருந்தது ஐம்பதாயிரம் ஆகிவிட்டது. வண்டி அதே வண்டி, தொட்டி அதே தொட்டி.

தொட்டியை விடு. கடையில் பதினோரு ப்ரீசர். கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். மீதி நேரமெல்லாம் இரண்டு பெட்ரோல் ஜெனரேட்டர்தான். விலை இறங்கட்டும் என்று மீன் காத்திருக்குமா? ஜீப்புக்கு என்று ஒதுக்கிய பணம் இப்போது இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒரு பக்கம் ஆசை, இன்னொரு பக்கம் கடை. கடை செத்தால் எல்லாம் செத்தது.

1 ஜூன், வியாழன்

பணம் கொடுக்க வேண்டிய நாள். போகவில்லை. சீஃபும் கூப்பிடவில்லை.

அவர் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

6 ஜூன், செவ்வாய்

மொஜிரோலா கடை முன்னால் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "சமத் அம்மா! ஜீப் எங்க? நாங்க குடிச்ச மால்ட் இன்னும் வயித்துலதான் இருக்கு. வேணும்னா துப்பிடவா?"

"துப்பு. பாட்டிலை மட்டும் கழுவிக் கொடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

9 ஜூன், வெள்ளி

சீஃப் கூப்பிட்டார். வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அம்மா, எண்பத்தைந்துன்னு வச்சுக்குவோம்" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். வியாபாரத்தில் நான் கற்றதிலேயே பெரிய வித்தை அதுதான்.

"எண்பது" என்றார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை!

போனை வைத்துவிட்டு யோசித்தேன். காசு விஷயத்தில் அசையாத மனிதர். என்ன ஆயிற்று இவருக்கு?

16 ஜூன், வெள்ளி

இன்னொரு அடி. டாலர் விலையைக் கட்டுப்பாடில்லாமல் அவிழ்த்துவிட்டார்களாம். போன வாரம் முப்பத்திரண்டாயிரத்துக்கு எடுத்த மீன் பெட்டி இன்று நாற்பதாயிரம். லாகோஸ் இறக்குமதிக்காரனைக் கேட்டால், "அம்மா, மீனு எங்கயோ கடல்ல நீந்துது, அதுக்கு நைரா தெரியாது" என்கிறான். நாய்க்குப் பிறந்தவன். உண்மையைத்தான் சொல்கிறான்.

முடிவு செய்துவிட்டேன். ஜீப் வேண்டாம். வாக்குத் தவறியதை போனில் சொல்லக் கூடாது. நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

20 ஜூன், செவ்வாய்

என்ன பார்த்தேன் நான் இன்றைக்கு!

சீஃப் வேலைக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிடலாம் என்று காலையிலேயே ஒலுயோலே போனேன். தெருமுனையில் டாக்ஸியை விட்டு இறங்கும்போதே ஜீப் சத்தம். எட்டு சிலிண்டர் உறுமல், தெருவே அதிர்ந்தது. கிளம்பிவிட்டாரே என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன். வாசல் கதவு திறக்கவில்லை. உறுமல் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

தட்டினேன், பதில் இல்லை. பின்பக்கம் யாராவது இருப்பார்கள் என்று சந்துக்குள் நுழைந்தேன்.

பின்கதவு வழியாக சீஃப் வருகிறார். வெள்ளை அக்பாடா அங்கியைச் சுருட்டி மடியில் அள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், குல்லா பாக்கெட்டில். சந்தில் ஒரு ஒகாடா காத்திருக்கிறது. அந்த வாடகை பைக்கின் பின்னால் — சீஃப் ஒடெவாலே! — காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிறார். பழகிய கால். இன்றுதான் முதல் முறை ஏறுகிற ஆள் அப்படி ஏற மாட்டான்.

என்னைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். பைக் போய்விட்டது.

அப்படியென்றால் தினமும் இதுதானா? அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று எஞ்சினை உறுமவிட்டு, அணைத்துவிட்டு, பின்பக்கமாக ஒகாடா? கடைக்கு வந்தும் கை ஓடவில்லை. நாலு பேருக்குத் தப்பாக எடை போட்டேன்.

21 ஜூன், புதன்

அவரே கூப்பிட்டார்.

"நேத்து நீங்க பார்த்தது..."

"நான் எதையும் பார்க்கலையே, சீஃப். மீன் கொடுக்க வந்தேன், கதவு சாத்தியிருந்தது, திரும்பிட்டேன்."

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினார். அரசாங்க வேலைக்குப் பணம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மகள் தெமிலோலாவுக்குச் செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அபெயோகுட்டாவில் பெரிய இடம். ஜீப்பை விற்றால்தான் கல்யாணம் நடக்கும். ஜீப் போய்விட்டது என்று தெரிந்தால் கல்யாணம் நடக்குமா தெரியாது.

"ரிங் ரோடு தரகன் நாற்பத்தைந்து லட்சம் தர்றேங்குறான். அன்னைக்கே 'விற்பனைக்கு'ன்னு போர்டு மாட்டி ரோட்டுல நிறுத்திடுவானாம். அபெயோகுட்டாக்காரங்க அந்த வழியாத்தாம்மா வருவாங்க."

தொண்ணூற்றைந்து எங்கே, நாற்பத்தைந்து எங்கே! மனிதர் அழுகிற குரலில் பேசிக்கொண்டிருக்கிறார், என் மண்டைக்குள் விலை ஓடுகிறது. நான் இப்படித்தான். மறைக்க என்ன இருக்கிறது?

வேண்டாம் என்று சொல்லத்தானே போனேன்? சொல்லவில்லை.

28 ஜூன், புதன்

பெருநாள். போன வருஷம் இரண்டு கிடா, இந்த வருஷம் ஒன்று. கறியை வெட்டும்போது சமத்தின் அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். சந்தில் பார்த்ததை அவரிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன்.

"ஏங்க, பாதி விலைக்கு ஜீப் கிடைச்சா?"

"வாங்கி?"

"வாங்கி... கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பேன். பெட்ரோல் இறங்கினதும் ஓட்டுவேன்."

"அந்த சீஃபும் அதைத்தான பண்றாரு."

கத்தி கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

18 ஜூலை, செவ்வாய்

அறுநூற்றுப் பதினேழு.

இன்றைக்கு யாரும் கத்தவில்லை, சண்டையும் இல்லை. பங்க் பையன் புது விலையைச் சாக்பீஸால் எழுதினான், வரிசையில் நின்றவர்கள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற ஆசிரியர் ஒருவர் காரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். ரிங் ரோடு முழுக்கப் பெரிய வண்டிகள், எல்லாவற்றிலும் 'விற்பனைக்கு' போர்டு. கேட்க ஆள் இல்லை.

ராத்திரி கணக்கு வேறு மாதிரி ஓடியது. முன்பு பேசிய விலை தொண்ணூற்றைந்து. ஐம்பதை ஒட்டி முடிந்தால் மிச்சம் நாற்பது லட்சத்துக்கு மேல். இந்த விலையிலேயே அறுபது, எழுபது தொட்டிப் பெட்ரோல் அது. அதில் பெரும்பகுதி கடை ஜெனரேட்டருக்குப் போகட்டும். மிச்சம் ஜீப்புக்கு. மாதம் கால் தொட்டி போதும், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் சங்கக் கூட்டத்துக்கு மட்டும். பெட்ரோல் ஏற ஏற வண்டி இறங்குகிறது. இதைவிட இறங்குமா? இறங்கலாம். ஆனால் அதற்குள் தரகன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

தப்புக் கணக்கா? ஆசை போட்ட கணக்கா? தெரியவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். கூட்டல் சரிதான்.

20 ஜூலை, வியாழன்

சீஃப் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாக.

நாற்பத்தைந்தில் ஆரம்பிக்க வேண்டும், நாற்பத்தெட்டைத் தாண்டக் கூடாது, அவர் அறுபது கேட்பார், நான் எழுந்திருக்க வேண்டும், வாசல் வரை போக வேண்டும் — எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவர் மால்ட் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்களே ஒரு விலை சொல்லுங்கம்மா. நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்றார்.

முப்பது வருஷ வியாபாரத்தில் ஒருவரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. தூக்கிவாரிப்போட்டது. பேரம் பேச எதிரே ஆள் வேண்டாமா? எழுந்திருக்கவும் முடியவில்லை, வாசலுக்குப் போகவும் முடியவில்லை. அந்தப் பெண் தெமிலோலா துணி மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, கல்யாணத்துக்கு எனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"ஐம்பத்திரண்டு" என்றேன். என் வாயா சொன்னது?

சீஃப் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் சமத்தின் அப்பா, "நாற்பத்தெட்டுன்னு சொல்லிட்டுப் போய் நாலு லட்சம் அதிகமா? நீயா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

22 ஜூலை, சனி

பணம் கொடுத்தாகிவிட்டது. பத்திரத்தில் என் பெயர்.

அவர் வீட்டு முற்றத்திலேயே ஏறி உட்கார்ந்தேன், தலையணை போட்டு. எதிரே சுவர்தான் தெரிந்தது. எஞ்சினைக் கிளப்பவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி, டாக்ஸி பிடித்துக் கடைக்கு வந்தேன். நாலு பேரோடு நெருக்கிக்கொண்டு.

மொஜிரோலா பிடித்துக்கொண்டாள். "அறுநூத்திப் பதினேழாம்! நல்ல வேளை பயந்து பின்வாங்கிட்ட, சமத் அம்மா. பேசாம ஒரு கழுதை வாங்கு. புல்லு விலை இன்னும் ஏறலை." மார்க்கெட்டே சிரித்தது. சாவி கைப்பைக்குள் இருக்கிறது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "புல்லு நீயே விக்கிறியா?" என்று மட்டும் கேட்டேன்.

மறந்துபோகாமல் இருக்க, பேசியதை எழுதி வைக்கிறேன். விலை ஐம்பத்திரண்டு லட்சம், பாக்கி இல்லை. செப்டம்பர் பதினாறு, கல்யாணம் முடியும்வரை ஜீப் அவர் வீட்டிலேயே நிற்கும். யார் வண்டி என்று இருவருமே வாய் திறக்கக் கூடாது. கல்யாணத்தன்று அவரே ஓட்டலாம், வாடகை கிடையாது. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி என்னிடம். காலையில் ஐந்து நிமிஷம் உறுமவிடுவது அவர் விருப்பம். அதற்கான பெட்ரோல் அவர் செலவு.