வளைவு மரத்தில் பச்சைத் துண்டு

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றியாச்சு. கையுறை கம்மி, கேட்டு வாங்கணும்.

மேல்காட்டு ஆள் ஒருவர் ரோட்டு வளைவு வரை இறங்கி வந்து போன் செய்தார். செல்வி, தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது. வெள்ளிமலையிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஓடை வரைதான் ரோடு. அதற்கு மேல் நானும் டிரைவர் சேகர் அண்ணனும் ஸ்ட்ரெச்சரோடு நடை. போனால் வீட்டில் ஆளில்லை. எங்களுக்கு எதற்குச் சிரமம் என்று தூளி கட்டி, குறுக்குவழியில் கீழே ரோட்டு வளைவுக்கே தூக்கிப் போய்விட்டார்களாம். நாங்கள் ஏற, அவர்கள் இறங்க. மேலே சிக்னலும் கிடையாது. மரியாதை செய்யப்போய் உயிரே போயிருக்கும்.

விழுந்தடித்து ஓடைக்கு இறங்கி, வண்டியைத் திருப்பி, வளைவிலிருக்கும் மரத்தடியில் அவர்களைப் பிடித்தோம். வண்டிக்குள்ளேயே பிரசவம். பெண். உடனே அழவில்லை. சேகர் அண்ணனின் பச்சைத் துண்டால் தேய்த்துத் தேய்த்து, அப்புறம் அழுதது. அந்தத் துண்டிலேயே சுற்றி செல்வியிடம் கொடுத்தேன்.

அக். 16, வியாழன்

வெயில். வண்டி கழுவினோம். அண்ணனின் துண்டுப் புலம்பல் ஓயவில்லை. "புதுத் துண்டும்மா. ஒரு தபா கூட தோள்ல போடல."

செல்வியின் கணவர் வேலன் வந்தார். தாயும் பிள்ளையும் சுகம். அண்ணன் அவரிடம் ஓர் ஏற்பாடு சொன்னார். போன் பேச எப்படியும் வளைவுக்குத்தான் வரணும். தூக்கி வருவதாக இருந்தால் மரத்தில் ஒரு துணி கட்டிவிட்டுப் போகட்டும், நாங்கள் அங்கேயே நிற்போம். துணி இல்லையென்றால் மேலே ஏறுவோம். வேலன் பெரிதாகத் தலையாட்டினார்.

நவ. 5, புதன்

பனி. பல்வலி.

வேறொரு கேஸை விட்டுவிட்டுத் திரும்பும்போது வளைவு மரத்தில் துண்டு. அதே பச்சைத் துண்டு. போன் எதுவும் வரவில்லை. குழந்தைக்குத்தான் ஏதோ என்று வண்டி நிற்பதற்குள் குதித்தேன்.

மரத்தடியில் செல்வி. மடியில் குழந்தை, கொழுகொழுவென்று. பக்கத்தில் ஒரு தூக்கில் சாமைச்சோறு.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. கட்டலன்னா நிக்காம பூடுவீங்கன்னுதான்."

அண்ணன் விட்டு விளாசினார். செல்வி துண்டை அவிழ்த்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். திட்டிக்கொண்டே சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி. கிளம்பும்போது துண்டைக் குழந்தைமேல் போர்த்திவிட்டார்.

"உன்கிட்டயே இருக்கட்டும்மா. கட்டறதுக்கு வேணும்."

கொஞ்ச தூரம் ஓட்டினார். அப்புறம் வெறும் தோளைத் தடவியபடி சொன்னார், இனிமேல் துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வளைவில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவோம் என்று.