வண்டி நுழையாத வாசல்

பிப்ரவரி 3

என் ஓட்டக்காரிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே, உன் குதிகால் எப்படி இருக்கு? ரெண்டு பேரும் தனித்தனியா பதில் போடுங்க.

போன்ல பேச ஆரம்பிச்சா ரெண்டாவது நிமிஷம் சண்டை வந்துடுது. அதான் கடிதம். காகிதத்துல நீ குறுக்க பேச முடியாது பாரு. அடுத்த ஓட்டப் பந்தய ஆபீஸ் முகவரிக்கு அனுப்பறேன். சட்டையில குத்திக்கற நம்பர் வாங்கப் போறப்ப கையில கொடுத்துடுவாங்க.

வீடு கிடைச்சுடுச்சு. வேலை கிடைச்ச டயர் கடையிலேருந்து நடந்தே வந்துடலாம். ஒரு ஹால், ஒரு ரூம், நிமிர்ந்து நிக்கற மாதிரி ஒரு சமையலறை. முதல் நாள் காலையில பழக்க தோஷத்துல குனிஞ்சே நடந்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்கார டீச்சரம்மா பார்த்துட்டு, "இடுப்பு வலியா தம்பி?"ன்னு கேட்டாங்க. பழைய ரொட்டி வண்டிக்குள்ள ஏழு வருஷம் குடித்தனம் நடத்தின கதையை எங்கேருந்து ஆரம்பிக்கறது? ஆமாம்மான்னு சொல்லிட்டேன். அன்னையிலேருந்து தினமும் தைலம் வருது.

இன்னொரு கூத்து கேளு. இங்க அலமாரிக்கெல்லாம் தாழ்ப்பாள் அடிச்சிருக்கேன். வேலைக்குக் கிளம்பறப்ப டம்ளர், தட்டு, சர்க்கரை டப்பா எல்லாத்தையும் உள்ள வச்சு, ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்துட்டுத்தான் வெளிய வர்றேன். டீச்சரம்மா "எதுக்குத் தம்பி இதெல்லாம்?"னு கேட்டப்பதான், வீடு எந்தத் திருப்பத்துலயும் திரும்பாதுன்னு மண்டையில உறைச்சுது. ஆனாலும் விட முடியல. அந்த மலை இறக்கத்துல எண்ணெய் பாட்டில் சரிஞ்சு உன் புது ஷூவுக்குள்ள கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? வேற ஷூ இல்லாம அதையே போட்டுக்கிட்டு ஓடி முதலாவதா வந்தே. "இனிமே ஒவ்வொரு பந்தயத்துக்கும் கால் லிட்டர் ஊத்துங்க"ன்னு சொன்னே. அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே இருக்கு.

கட்டில் பெரிசு. நான் சுவர் ஓரமா ஒட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன். உன் பக்கம் காலியா இருக்கு.

முக்கியமான விஷயம். வீட்டு முன்னாடி நம்ம வண்டி நிக்க இடம் இருக்கு. இந்த வீட்டைப் பிடிச்சதே அதுக்காகத்தான். கேட்டை டேப் வச்சு அளந்துட்டேன், தாராளமா நுழையும். போட்டோ வச்சிருக்கேன் பாரு. "இந்த சீசனோட ஓட்டத்தை முடிச்சுக்கறேன், நீங்க முன்னாடி போய் வீடு பாருங்க"ன்னு நீ சொன்னதை நம்பித்தான் வந்தேன். ஏப்ரல்ல கடைசிப் பந்தயம் முடிஞ்சதும் வேற எங்கயும் திரும்பாம நேரா இங்க வா.

உன் டிரைவர்

---

பிப்ரவரி 26

டிரைவர் சாருக்கு,

குதிகால் தனியா பதில் போடாதாம். "அதே வலி, அதே இடம்"னு சொல்லச் சொல்லுச்சு. தைலம் மிச்சம் இருந்தா இந்தப் பக்கம் அனுப்பி வைங்க.

போன ஞாயிறு ஒன்பதாவதா வந்தேன். முகத்தைச் சுளிக்காதீங்க, பரவாயில்ல. என்ன வயித்தெரிச்சல்னா, முந்திட்டுப் போற பொண்ணுங்க எல்லாம் "அக்கா, கொஞ்சம் வழி விடுங்கக்கா"ன்னு மரியாதையா கேட்டுட்டுப் போறாளுங்க. திட்டிட்டுப் போனாக் கூடத் தேவலை.

வண்டி சமத்தா இருக்கு. என் சீட்டுல இப்ப தண்ணி கேன் உட்கார்ந்து வருது, பெல்ட் போட்டு விட்டிருக்கேன். வழி தப்பினா திட்ட ஆள் இல்ல. ஸ்டீயரிங்ல சாக்ஸ் காயப் போட்டா கத்த ஆள் இல்ல. முதல் வாரம் ராஜாங்கமா இருந்துது. அப்புறம் சாக்ஸைப் பார்த்தாலே ஒரு மாதிரி ஆயிடுச்சு, வெளியில கொடி கட்டிட்டேன். ரெண்டு முட்டை பொரிச்சா ஒண்ணு மிஞ்சுது. அதுக்காக ஒண்ணே ஒண்ணு பொரிக்கவும் கை வரல.

நேத்து நல்ல மழை. மழை பெஞ்சா இப்பவும் வண்டிக்குள்ள ரொட்டி வாசனை வருதுங்க! முதல் வருஷம் அந்த வாசனையிலயே ரெண்டு பேருக்கும் பசி எடுத்து, மழையில குடை இல்லாம கடை தேடிப் போனோமே. நேத்து எனக்கு உங்களைத்தான் தேடுச்சு.

நானும் ஓரமாத்தான் படுக்கறேன். உங்க பக்கத்துல மூணு ஜோடி ஷூ. உங்க அளவுக்கு நாறுது, குறட்டைதான் விடல.

அது கிடக்கட்டும். கேட்டோட அகலத்தை அளந்தீங்க சரி, உயரத்தை அளந்தீங்களா? போட்டோவுல மேல ஒரு வளைவு தெரியுதே. வண்டி மேல தண்ணி டேங்க் இருக்குங்க, ஐயா. நீங்களே ஏறி நின்னு மாட்டினது.

முடிச்சுக்கறேன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

ஓட்டக்காரி

---

மார்ச் 17

என் ஓட்டக்காரிக்கு,

தலையில அடிச்சுக்கிட்டேன். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்லயும் "இறங்கி உயரம் பாரு, உயரம் பாரு"ன்னு உன் உயிரை வாங்கினவன் நான். ஏணி போட்டு அளந்தேன். ஒரு முழம் இடிக்குது. டீச்சரம்மா கீழ நின்னு, "இடுப்பு வலிக்காரர் ஏணியில என்ன பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. வேற வழியில்லாம நம்ம கதை முழுக்கச் சொல்லிட்டேன்.

டேங்கைக் கழட்டிடலாமேன்னு நீ கேட்பே. கழட்டினா அது நம்ம வண்டியா? அதான் வளைவை இடிச்சுக்கலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன். அவங்க வீட்டுக்காரர் இருந்தப்ப ஆசையா கட்டினதாம், மேல கொடி படர விட்டிருக்காங்க. ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "அந்தப் பொண்ணு நிச்சயமா வர்றாளா? வர்றான்னா இடிச்சுக்கோங்க"ன்னாங்க. உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன். மே முதல் வாரம் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஒரு வரி எழுது. வர்றேன், இல்ல வரல. நீ "ஞாபகம் இருக்கு"ன்னு எழுதினது எனக்குப் பத்தல.

உன்னை வண்டியை விட்டு இறங்குன்னு நான் சொல்லலம்மா. வண்டியோட வா. எனக்கு நாற்பத்தஞ்சு ஆயிடுச்சு. கண்ணைத் திறக்கறப்ப இது எந்த இடம்னு யோசிக்காம எழுந்திரிக்கணும்னு ஆசை. அப்ப நீயும் பக்கத்துல இருக்கணும்னு பேராசை.

உன் டிரைவர்

---

ஏப்ரல் 19

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

கடைசிப் பந்தயம் முடிஞ்சுது. பதினாலாவதா வந்தேன்.

எப்பவும் போல வண்டியோட பின்படியில உட்கார்ந்து, வாளித் தண்ணியில காலை வச்சேன். மலை எதிர்ல நின்னுது. இனிமே இது இல்லன்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தேன். கால் ஈரம் காயறதுக்குள்ள எழுந்து போய் அடுத்த சீசனுக்குப் பேர் கொடுத்துட்டு வந்துட்டேன். ஜெயிக்கற காலம் போயிடுச்சுன்னு எனக்கும் தெரியும். ஆனா காலையில கதவைத் தள்ளினா வேற ஒரு மலை நிக்கணும், அதுல ஏறி ஓடணும். அது இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல.

சத்தியமா வரணும்னுதான் இருந்தேன். உங்க வீட்டை மனசுக்குள்ள எத்தனை தடவை சுத்தி வந்திருப்பேன்! சமையலறையில நிமிர்ந்து நின்னு பார்த்தேன், தாழ்ப்பாளெல்லாம் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில வாசலுக்கு வந்து வண்டிச் சாவியைத் தேடறேன்.

இதையும் எழுதித்தான் ஆகணும். போன வாரம் ஒரு நாள் எழுந்திரிச்சா, உங்க பக்கத்து ஷூ மூணு ஜோடியும் கீழே கிடக்கு. நான் படுக்கை நடுவுல, கை காலை விரிச்சுக்கிட்டுக் கிடக்கேன். நல்லாத் தூங்கியிருந்தேன். அதான் அழுகை வந்துது.

டீச்சரம்மாவோட வளைவு நிக்கட்டும். கொத்தனாரை வர வேணாம்னு சொல்லிடுங்க. என்னைத் திட்டணும்னா நல்லாத் திட்டி எழுதுங்க. எழுதாம மட்டும் இருந்துடாதீங்க.

ஓட்டக்காரி

---

மே 8

ஓட்டக்காரிக்கு,

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். படிச்சுப் பார்த்தா பாதி, சாக்ஸைப் பத்தியே இருந்துது. கிழிச்சுப் போட்டுட்டேன்.

கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் கடையில எந்த டயரைக் கழட்டினாலும் உன்னைத் திட்டிட்டேதான் கழட்டினேன். அப்புறம் ஒரு நாள், நீ வாளியில காலை வச்சுக்கிட்டு மலையைப் பார்க்கற முகம் கண்ணு முன்னாடி வந்துது. அந்த முகத்தைப் பார்க்கத்தானே ஏழு வருஷம் வண்டி ஓட்டினேன்.

கொத்தனாரைத் திருப்பி அனுப்பிட்டேன். டீச்சரம்மா கொடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாங்க. சாயங்காலம் தைலம் மட்டும் வந்துது.

பின்பக்கம் இடது டயர் தேஞ்சிருக்கும், எனக்குத் தெரியும். ரெண்டு புது டயர், நீ பேர் கொடுத்த பந்தய ஆபீஸுக்கு அனுப்பியிருக்கேன், முகவரி இதே. மாத்தினப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நட்டை இன்னொரு தடவை இறுக்கச் சொல்லு. எண்ணெய் பாட்டிலைக் கீழ்த்தட்டுல வை. இறக்கத்துல மெதுவா போ. பார்சலுக்குள்ளயே தைலமும் இருக்கு, குதிகாலுக்கு.

இன்னைக்கு அவசரத்துல ஒரு தாழ்ப்பாளும் போடாம வேலைக்குப் போயிட்டேன். கடையில ஞாபகம் வந்ததும் ஸ்பானரைப் போட்டுட்டுக் கிளம்பினேன். ஓடி வந்து கதவைத் திறந்தேன். டம்ளர், தட்டு, சர்க்கரை டப்பா, எல்லாம் வச்சது வச்ச இடத்துலயே இருந்துது. எதுவும் கீழே விழல.

டிரைவர்