சரோசா எந்தக் கூட்டில்

நாள் 212, 06:10
செவ்வாய், தெற்குப் பள்ளத்தாக்கு வானிலை நிலையம். பணியில் ஒரே ஆள்: எஸ்தர், ஊர் நாகர்கோவில். வெளியே மைனஸ் 61. காற்று சாதாரணம்.

மீன் தொட்டி 26 டிகிரி, நாற்பது லிட்டர். நத்தைக் கூட்டுக்குள் குடித்தனம் நடத்தும் சிக்லிட் மீன் இரண்டு. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஆண், இன்ஸ்பெக்டர். நான் மணலைச் சமன் செய்தால் வாயால் அள்ளிப் பழையபடி குழி பறிப்பான், கையை விட்டால் கடிப்பான். பெண், சரோசா. ஒரே மாதிரி ஒன்பது கூடு கிடக்கிறது, எதில் இருக்கிறாள் என்று அவளுக்கே வெளிச்சம். ஏழு மாதமாக என் பேச்செல்லாம் இவர்களோடுதான்.

நாள் 212, 15:40
தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி வெடித்தது. சேமிப்பு மொத்தமும் வெளியே கசிந்து உறைந்துவிட்டது. தலைமை முகாமிலிருந்து அன்சாரி: "அக்கா, வண்டி கிளம்பிருச்சு. வந்து சேர இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் மீன் தொட்டித் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க."

மீன் மூத்திரத்தையா என்று கேட்டேன். "உசுரு முக்கியம்க்கா."

நாள் 213, 07:00
ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். இருபது நாளில் முப்பது. மிச்சம் பத்து லிட்டர் அவர்களுக்கு, கூடு முங்க அது போதும். குடித்துப் பார்த்தேன். கண்றாவி.

நாள் 225, 18:20
இன்ஸ்பெக்டர் செத்துவிட்டான். தண்ணீர் குறையக் குறைய அழுக்கு ஏறியிருக்க வேண்டும். நான் குடித்ததால் செத்தான். சாயங்காலம் பார்த்தால் குழியோரம் கடுகு மாதிரி ஆறேழு குஞ்சு. அடிப்பாவி சரோசா, புருசன் செத்த அன்னைக்கா உனக்குப் பிள்ளை! சிரித்துச் சிரித்து அழுதேன்.

நாள் 231, 16:05
அன்சாரி: "புழுதிப்புயல்க்கா. இன்னும் ஏழு நாள் ஆகும்." ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அந்த வண்டி எம்மாத்திரம்.

ஒன்பது லிட்டர் எனக்கு. ஒரு லிட்டர் அவளுக்கு, ஜாடியில். கையை விட்டதும் தாயும் பிள்ளையும் உள்ளே ஓடிவிட்டார்கள். குழிக்குப் பக்கத்துக் கூடு என்றுதான் நினைக்கிறேன். அதைத் தூக்கி ஜாடிக்குள் இறக்கினேன். மற்ற எட்டையும் அலமாரியில் வைத்தேன். எதையும் குலுக்கிப் பார்க்கவில்லை. குலுக்கினால் குஞ்சு பிழைக்காது.

நாள் 233, 09:30
இன்னும் வெளியே வரவில்லை. போட்ட தீனி அப்படியே கிடக்கிறது. பயந்தால் ஒளிவது இந்த ஜாதிக்குப் பழக்கம்தான்.

நாள் 235, 13:15
அலமாரிப் பக்கம் நாற்றம். மணல் நாற்றமாகத்தான் இருக்கும். எட்டுக் கூட்டையும் துணியில் சுற்றி வெளியே எறிந்துவிட்டேன். உள்ளே பார்க்கவில்லை.

நாள் 238, 10:00
அன்சாரி: "வண்டி மணல்ல மாட்டிருச்சுக்கா. இன்னும் மூணு நாள். தண்ணி இருக்கா?"

ஒரு லிட்டர் இருக்கு, அதுல சரோசா இருக்கா என்றேன். அன்சாரி: "அக்கா, அதைக் குடிங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

நாள் 239, 14:
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. டார்ச்சைக் கூட்டின் வாய்க்கு நேராகப் பிடித்தேன். பொத்தானை அழுத்தவில்லை. பயமாக இருக்கிறது.

நாள் 240
அன்சாரி கத்திக்கிட்டே இருந்தான். ரேடியோவ அணைச்சுட்டேன். சரோசாகிட்ட மட்டும் பேசுறேன். பதில் சொல்ல மாட்டேங்கிறா. எப்பவும் அப்படித்தான்.

வர்றவங்களுக்கு. ஜாடி மேசை மேல இருக்கு, தட்டிவிட்டுராதீங்க. குடிச்சா பொழைச்சுக்குவேன், தெரியும், எனக்கென்ன பைத்தியமா. ஆனா தண்ணி தீந்ததும் கூடு கையில வந்துரும். கூட்டுக்குள்ள எட்டிப் பாக்கணும். பாத்துட்டு நாளைக்கு வரைக்கும் இங்க நான் யாரோட